ஐயா விட்டுப்போன இரட்டைக்குழலும் .315-ம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளில் இன்றும் உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தானாக வாங்கியதல்ல, வாரிசாக வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஐயா வைத்திருந்தது அப்பாவிடம் வந்து, அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாறியது. ஒன்று, இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல் (‘போர்’ என்பது குழலின் உள்ளளவு). இன்னொன்று, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள். இரண்டையும் நீண்ட காலம் பராமரித்து, ரேஞ்சில் சுட்டும் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு பழைய துப்பாக்கி பத்திரமானதா இல்லையா என்பது பாதி அதன் குழலில் இருக்கிறது, மீதி அதற்குள் போகும் தோட்டாவில் இருக்கிறது. நம் ஆட்கள் குழலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், தோட்டாவைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசுகள் எல்லோருடைய சம்மதத்தோடும் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு சுத்தியல் வைத்த பழைய டமாஸ்கஸ் குழல் துப்பாக்கி இருந்தது. அது கடைக்குப் போய்விட்டது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்த அந்தக் குழலில் அலையலையாகக் கோலம் ஓடும். அவ்வளவு அழகு. ஆனால் கரிமருந்து, அதாவது பழைய கருப்பு வெடிமருந்து, இருந்த காலத்துக்காகச் செய்த குழல் அது. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுவதற்கு அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரட்டைக்குழலுக்கு வருகிறேன். குழலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். எங்கள் துப்பாக்கியில் பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு அவற்றை மூடியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்ததும், கிரீடமும் அதன் கீழே எழுத்துகளும் தெரிந்தன. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-லிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு குழலிலும் அளவுக்கு மீறிய மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்றோ, கிரீடத்தின் கீழ் ‘என்பி’ என்றோ இருந்தால் அந்தக் குழல் இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. ‘பிபி’ மட்டும் இருந்தால் கரிமருந்துக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது.

அடுத்தது அறையின், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடத்தின், நீளம். பழைய பிரிட்டிஷ் 12 போர்களில் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கடைகளில் தாராளமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. அதைப் போட்டால் அழகாக உள்ளே உட்காரும், துப்பாக்கியும் சுலபமாக மூடும். அதுதான் வினை. 70 என்பது சுட்ட பிறகு, வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடும்போது தோட்டா வாயில் இருக்கும் மடிப்பு விரிவதற்கு அறையில் இடம் இருக்காது. விரிந்த வாய் முன்னால் குறுகும் இடத்தில் போய் நிற்கும், ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகள்) அந்த இடுக்கு வழியாகத் திணறிக்கொண்டு போகும், அழுத்தம் எகிறும். மூடிவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் நீளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறேன். 20 போர் தோட்டாவை அதே பையில் போட்டுக்கொள்வதும் கூடாது. அது 12 போர் குழலுக்குள் நழுவி முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே கிழிந்துவிடும். எஃகு ரவை போட்ட தோட்டாவையும் இந்த மாதிரிப் பழைய குழல் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காவல்துறையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். குழலை மட்டும் தனியாகக் கழற்றி, கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுவார். நீளமாக ரீங்கரித்தால் இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பட்டையின் ஈயப்பற்று நன்றாக இருக்கிறது. ‘டப்’பென்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் புகுந்து துரு தின்றுகொண்டிருக்கும். பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, குழலைப் பிடித்து லேசாக ஆட்டுவார். கீல் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். என்னுடையதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. உரிமம் பெற்ற ஆளிடம் கொடுத்துத்தான் சரிசெய்தேன். தெருமுனை லேத் பட்டறையில் கொடுக்கக் கூடாது. பழுது பார்ப்பதற்குமே உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம்.

துப்பாக்கியோடு எனக்கு ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதைத்தான் முதலில் பிரச்சினையாகப் பார்த்தேன். காகிதக் கூடு போட்ட பழைய தோட்டாக்கள் ஈரத்தில் உப்பிப் போயிருந்தன. பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தது. கூடவே ஐயா காலத்துப் பித்தளைக் கூடுகள், மருந்து அளக்கும் சின்னக் குவளை, வாயை மடிக்கும் கைச்சுற்று. அந்தக் காலத்தில் கரிமருந்தும் ரவையும் அளந்து வீட்டிலேயே தோட்டா கெட்டித்திருக்கிறார்கள். அப்பத்தா சொன்ன கணக்குப்படி அது மார்கழிக்கு முன்னால் நடக்கும் வேலை. இன்று அது நமக்கு இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தயாரிக்கும் கருவியையே ஆயுதச் சட்டம் தோட்டா கணக்கில்தான் சேர்க்கிறது. பெட்டி முழுவதையும் எழுத்துமூலமாக ஒப்படைத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் பிரிக்காதீர்கள், எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், கிணற்றிலும் போடாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். நல்லதாகத் தெரிகிற பழைய தோட்டாவும் நம்பத்தக்கதல்ல. ‘டிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் போனால், குழலை மண்மேட்டை நோக்கியே நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகுதான் திறக்க வேண்டும். சிலது தாமதித்து வெடிக்கும்.

தோட்டா கெட்டிப்பதை முறையாகச் செய்து பார்த்தது டல்லாஸில் இருக்கும் என் மச்சினனிடம். அங்கே சொந்த உபயோகத்துக்கு அதைச் செய்யத் தனி உரிமம் தேவையில்லை. அவன் வைத்திருப்பது ஒரு பழைய .303 ரைஃபிள். அவன் மேசையில் கழித்த மாலைகள்தான் என் கண்ணைத் திறந்தன. முதலில் எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈய உருண்டையைக் குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்தான். எல்லா .303 குழலும் ஒரே அளவு இல்லையாம். 0.311 அங்குலத்திலிருந்து 0.315 வரைக்கும் இருக்கும். அளந்த பிறகுதான் எந்தக் குண்டு என்றே முடிவு செய்தான். மருந்து அளவு அச்சிட்ட கையேட்டில் இருப்பதுதான். அதிலும் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி, சுட்ட கூட்டையும் அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏறுவான்.

“அத்தான், மேசை மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். ரெண்டாவது டப்பா வந்தா அன்னைக்கு வேலையே வேண்டாம்” என்றான். டப்பா மாறினால் என்ன ஆகும் என்று யோசித்தால் அது எவ்வளவு சரி என்று புரியும். கரிமருந்தை ஊற்றும் அளவுக்குப் புகையில்லா மருந்தை ஊற்றினால் துப்பாக்கி கையிலேயே சிதறும். தராசை எடைக்கட்டி வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்குவான். மருந்து போட்ட கூடுகளை வரிசையாகப் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பான். ஒன்றில் இரண்டு முறை விழுந்திருந்தால் மட்டம் உயர்ந்து தெரியும். அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டான், பேச்சும் கிடையாது.

அவன் காட்டியதில் எனக்கு இங்கேயும் உதவுவது ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் பயன்படுத்திய பித்தளைக் கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டும். பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது, அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிரியும். ஒருமுறையே சுட்ட கூட்டில் இப்படித் தெரிந்தால் கோளாறு துப்பாக்கியில், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது ரேஞ்சில் சுட்டதும் என் .315 கூடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கம்.

.315 ஏன் வந்தது என்பது நல்ல கதை. ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு நினைத்தது. அதனால் ராணுவத்தின் அதே லீ-என்ஃபீல்டு ரைஃபிள் அமைப்பில், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கேற்ற துப்பாக்கி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே வழக்கம் தொடர்ந்தது. யானை, காட்டெருமைக்கான .450-யும் அதேபோல 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தடைபட்டதால்தான், இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தன. என் ரைஃபிளைப் பொறுத்தவரை துல்லியம் சுமார்தான், ஆனால் கெட்டியான உழைப்பு. இந்த வகை வாங்குபவர்கள் போல்ட்டில் இருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மாற்றிப் போட்ட போல்ட் என்றால் அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துச் சோதிக்காமல் சுட வேண்டாம்.

பழைய ரைஃபிள் தோட்டாக்களில் இருந்தது கார்டைட் என்ற புகையில்லா மருந்து. சேமியா மாதிரி நீள இழைகளாக இருக்கும். நம் நீலகிரி அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் தொழிற்சாலை வைத்ததே இதற்காகத்தான். கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் அழுத்தம் கூடும். அதனால் இங்கிலாந்தில் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனியாகத் தோட்டா செய்து அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் கார் டிக்கியில் தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டுப் போவது எந்த மருந்தாக இருந்தாலும் தப்பு. என் தோட்டாக்கள் இரண்டாங்கட்டில் உள்ளறை அலமாரியில், துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி இருக்கின்றன. தடிச்சுவர் வீட்டில் அந்த அறைதான் வருடம் முழுக்கக் குளுமை. மாடியில் ஓட்டுக்குக் கீழே வைக்கவே கூடாது.

துருதான் மற்றொரு எதிரி. பழைய ராணுவ வகைத் தோட்டாக்களின் கேப்பு வெடித்ததும் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் இதை எனக்கு விளக்கினார். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த அந்த ஆய்வகத்தில் அரிமானம் ஒரு முக்கிய ஆராய்ச்சி. அவர் சொன்னபடி, சுட்ட அன்றே கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுகிறேன். சூட்டில் இரும்பே ஈரத்தை உலர்த்திவிடும். பிறகு புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) துண்டுத்துணி, கடைசியாக மெல்லிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி விசைப்பகுதியை இறுக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் தேவலை. கட்டைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும்.

அழகான தோல் உறை இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் குழல் முழுக்கப் புள்ளி விழுந்துவிடும்.

வேட்டையா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் அது முடிந்தது. ஐயா காலத்தில் கண்மாயில் வாத்து சுட்டிருக்கிறார்கள். அதே கண்மாய்ப் பறவைகளுக்காக இன்று வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அந்த ஊரைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். என் துப்பாக்கிகள் அனுமதியுள்ள ரேஞ்சில் அட்டையைச் சுடுவதோடு சரி.

கடைசியாக, தேர்தல். அறிவிப்பு வந்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பக் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். கொடுப்பதற்கு முன் குழலில் தாராளமாக எண்ணெய் விட்டு, தோல் வாரைக் கழற்றிவிட்டு, எண்கள் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ரசீதில் அதே எண்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலை, குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பது. ஒருமுறை என் இடது குழலில் வெளிச்சமே வரவில்லை. குளவி மண்கூடு கட்டியிருந்தது, விரல் அளவுக்குக் கல்லாக இறுகிப் போயிருந்தது. அப்படியே தோட்டா போட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். மரக்குச்சியால் மெல்லத் தட்டி எடுத்து, வெந்நீர் விட்டுக் கழுவினேன். இப்போது ஒப்படைக்கும்போது எண்ணெய்த் துணியைக் குழல் வாயில் அடைத்து, “உள்ளே துணி இருக்கிறது, எடுத்த பிறகே பயன்படுத்தவும்” என்று எழுதிய சிவப்பு அட்டையை விசைக்காப்பில் கட்டித்தான் கொடுக்கிறேன்.