‘ரியாக்ட் 19’ சீட் ஷீட்: 29 டாலர் தண்டம்

இணையத்தில் வாங்கிய ஒரு சீட் ஷீட் (சட்டென்று பார்க்கும் குறிப்புத்தாள்) பற்றிய புகாருக்கு இன்று காலையில்தான் கடைசி பதில் வந்தது. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி எதையாவது வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ரியாக்ட், அதாவது இணையப் பக்கத் திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு, எனக்குப் புதிதல்ல. திரையின் ஒவ்வொரு துண்டையும் (காம்போனென்ட்) கிளாஸாக எழுதிய பழைய காலத்தில் பழகியவன். நடுவில் சில வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், கையில் கொடுத்த புராஜெக்ட் 19ஆம் பதிப்பில் இருக்கிறது. முழு ஆவணத்தையும் உட்கார்ந்து படிக்க நேரமில்லை. மேசையோரம் வைத்துக்கொண்டு சட்டென்று பார்க்க நாலு பக்கம் இருந்தால் போதும் என்று தேடினேன். டிஜிட்டல் கோப்புகள் விற்கும் ஒரு தளத்தில் மாட்டியது: ஏழு பிடிஎஃப், 29 டாலர், அட்டையில் பெரிதாக ‘ரியாக்ட் 19’, பக்கத்திலேயே ‘முழுவதும் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு பச்சை முத்திரை.

நான் ஏமாந்தது அந்த முத்திரையில் இல்லை, மாதிரிப் பக்கத்தில். ஹூக்ஸ் எனப்படும், காம்போனென்ட்டுக்குள் அழைக்கும் ரியாக்ட் ஃபங்ஷன்களான யூஸ்ஸ்டேட், யூஸ்எஃபெக்ட், யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட் எல்லாம் வண்ணக் கட்டம் போட்டு அழகாக இருந்தன. யூஸ்எஃபெக்ட்டில் துப்புரவு செய்யும் கிளீனப் ஃபங்ஷன் எப்போது ஓடும் என்பதுவரை சரியாக எழுதியிருந்தார்கள். விஷயம் தெரிந்த ஆள் செய்தது என்று நம்பி, யோசிக்காமல் கார்டு எண்ணைப் போட்டேன். 29 டாலர்.

அந்த ஏழில் புதுசு அந்த ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டாவது கோப்பைப் பார்த்து எழுதினேன், திரை வெள்ளையாக நின்றது. பிரவுசரில் பிழைச் செய்தி காட்டும் கன்சோலில், ‘ரியாக்ட்டாம்.ரெண்டர் ஒரு ஃபங்ஷனே இல்லை’ என்று சிவப்பில் ஒரு வரி. காம்போனென்ட்டைத் திரையில் வரையும் பழைய வழி அது. 2022இல் 18 வந்தபோதே கிரியேட்ரூட்டுக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டு, 2024 டிசம்பரில் வந்த 19இல் அந்தப் பழைய ரெண்டரை எடுத்தே விட்டார்கள். அப்புறம் ஸ்ட்ரிங் ரெஃப் (திரையின் ஒரு உறுப்பைப் பெயர் வைத்துப் பிடிக்கும் பழைய முறை), அதுவும் 19இல் கிடையாது. புது புராஜெக்ட் தொடங்க கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவிக்கு ஒரு முழுப் பக்கம். அதைக் கைவிட்டுவிட்டதாக 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது.

இதெல்லாம் பிழையோ எச்சரிக்கையோ காட்டிவிடும். என் ஒரு மாலையைத் தின்றது பிராப்டைப்ஸ், அதாவது காம்போனென்ட்டுக்கு வரும் மதிப்பு (பிராப்) சரியான வகைதானா என்று சோதிக்கும் வசதி. சீட்டில் இருந்தபடி, அளவு என்கிற பிராப் எண்ணாகத்தான் வர வேண்டும் என்று எழுதி வைத்தேன். பழைய பழக்கம், சந்தேகமே வரவில்லை. படிவத்திலிருந்து 5 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக வந்திருக்கிறது. ஒன்றைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் 6 வராமல் 51 வருகிறது. கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை, ஏனென்றால் 19இல் பிராப்டைப்ஸ் சோதனையே கிடையாது, எழுதினாலும் சத்தமில்லாமல் கடந்து போகிறது. காவலுக்கு ஆள் நிற்கிறான் என்று நினைத்தேன், வெறும் சட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஆறு கோப்புகள் உருவான வருடம் 2018. ஹூக்ஸ் வந்ததே 2019இல், 16.8 பதிப்பில்! பரீட்சைக்கு பிட் எழுதுகிறவன்கூட இந்த வருடப் பாடத்தைப் பார்த்துத்தான் எழுதுவான்.

விற்றவருக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றார். மறுபடி, பிழைச் செய்தியின் படத்தோடு எழுதினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘16ஆம் பதிப்பை நிறுவிப் பாருங்கள், எல்லாம் ஓடும்.’ அட்டையில் 19 என்று போட்டு 29 டாலர் வாங்கியவர் சொல்கிறார்! தளத்திடம் போனால், உள்ளடக்கத்துக்கு விற்பவரே பொறுப்பு என்றார்கள். விற்பவரோ, பணம் தளத்திடம் இருக்கிறது என்றார். மூன்றாவது முறை கேட்டதற்கு, டவுன்லோடு செய்த கோப்புக்குப் பணம் திரும்ப வராது என்ற விதியை ஒட்டி அனுப்பினார்கள். திறந்து பார்க்காமல் பழசு என்று எப்படித் தெரியும்? இன்று காலை என் புகாருக்கு ‘தீர்க்கப்பட்டது’ என்று பெயர் வைத்து மூடிவிட்டார்கள். நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தையும் காணோம். 29 டாலர் போனது போனதுதான்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. மாதிரிப் பக்கத்தை நம்பாதீர்கள், நடுப்பக்கம் ஒன்றைக் கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிடிஎஃப்புக்குள் ரியாக்ட்டாம்.ரெண்டர், பிராப்டைப்ஸ் என்று தேடிப் பாருங்கள், நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ரியாக்ட்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒவ்வொரு ஹூக்குக்கும் தனிப் பக்கம் இலவசமாகவே இருக்கிறது. எனக்கு இது முதலிலேயே தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

கார்டு நிறுவனத்திடம் புகார் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.