பெரிய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 98, எக்ஸ்பி: எந்த வழி தாங்கும், எது காலை வாரும்?

500 ஜிபி டிஸ்கில் விண்டோஸ் 98 எஸ்இ ஏறுமா என்றால், ஏறும். இன்ஸ்டலேஷன் தடங்கல் இல்லாமல் முடியும், டெஸ்க்டாப் வரும், பல மாதம் ஒரு குறையும் தெரியாது. டிஸ்க் நிரம்ப நிரம்பத்தான் வினை ஆரம்பிக்கும்.

விண்டோஸ் 98-இல், ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்கை இயக்கும் டிரைவர் (இஎஸ்டிஐ_506.பிடிஆர் என்ற ஃபைல்) செக்டார் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) எண்ணை 28 பிட்டில்தான் அனுப்பும். அதில் அடங்குவது 268435456 செக்டார். செக்டாருக்கு 512 பைட் வீதம் 137 ஜிபி; 1024-ஆல் வகுக்கும் விண்டோஸ் கணக்கில் 128 ஜிபி. அதைத் தாண்டிய எண் வந்தால் மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டுப் போகும். 268435456-ஆம் செக்டாரில் எழுதச் சொன்னால் 0-ஆம் செக்டாரில், அதாவது பார்ட்டிஷன் அட்டவணை உள்ள எம்பிஆர் மேலேயே, எழுதிவிடும். அடுத்தடுத்த எழுத்துகள் பூட் செக்டாரையும், எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைக்கும் ஃபேட் டேபிளையும் தின்னும். ஒரு எரர் மெசேஜ்கூட வராது.

டாஸில் சோதித்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. டாஸ், டிஸ்கை பயாஸ் (மதர்போர்டிலேயே உள்ள அடிப்படை நிரல்) வழியாகத் தொடுகிறது. பயாஸ் 48 பிட் (பெரிய டிஸ்குக்கான நீண்ட செக்டார் எண்) அறிந்ததென்றால் அங்கே எல்லாம் சரியாகவே நடக்கும். விண்டோஸ் முழுதாக எழுந்து தன் சொந்த டிரைவருக்கு மாறியபின்தான் 28 பிட் சங்கதி வரும். எனவே பயாஸ் முழு அளவைக் காட்டுகிறது என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

விண்டோஸ் 98-க்கு உள்ள வழிகள்

எளிமையானது, டிஸ்கின் தொடக்கத்தில் 120 ஜிபிக்குள் பார்ட்டிஷன் போட்டு மீதியைக் காலியாக விடுவது. விண்டோஸ் அந்தப் பக்கம் போகாது, தரவும் பத்திரம். ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுக்க மனிதரின் ஞாபகத்தை நம்பியது. ஆறு மாதம் கழித்து யாராவது அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் போட்டால், விண்டோஸ் அதற்கு டி என்று எழுத்துக் கொடுத்து உள்ளே எழுதத் தொடங்கும். எழுத்து 137 ஜிபி எல்லையைத் தாண்டியதுமே சி டிரைவ் காலி. மீதி இடத்தில் லினக்ஸ் வைத்தால் பிரச்சினை இல்லை, அந்த வகைப் பார்ட்டிஷனை விண்டோஸ் 98 கண்டுகொள்வதே இல்லை.

இதைவிட உறுதியானது டிஸ்கையே வெட்டிவிடுவது. எச்பிஏ என்ற வசதியால், "என் அளவு இவ்வளவுதான்" என்று டிஸ்கே எல்லோரிடமும் சொல்லும்படி செய்யலாம். லினக்ஸ் லைவ் சிடியில் பூட் செய்து, எச்டிபார்ம் கட்டளையின் பெரிய 'என்' ஆப்ஷனோடு, சிறிய 'பி' சேர்த்து 268435455 என்று கொடுக்க வேண்டும். அந்த 'பி'தான் மாற்றத்தை நிரந்தரமாக்குகிறது. விட்டுவிட்டால் பவரை அணைத்ததும் பழைய அளவு திரும்பும். அளவைக் குறைப்பது ஆபத்து என்று எச்சரித்து, தெரிந்துதான் செய்கிறேன் என்ற பொருளில் ஒரு நீண்ட ஆப்ஷனையும் கேட்கும். டிஸ்கில் ஏற்கெனவே எதுவும் இருக்கக்கூடாது.

இதில் கை நழுவும் இடங்கள் இரண்டு. யுஎஸ்பி அடாப்டர்கள் பல இந்தக் கட்டளையை டிஸ்குக்குக் கடத்துவதில்லை. மதர்போர்டின் சாட்டா அல்லது ஐடிஇ போர்ட்டில் நேராக மாட்டுங்கள். அதோடு, நிரந்தர மாற்றத்தை ஒரு பவர்-ஆனுக்கு ஒருமுறைதான் டிஸ்க் ஏற்கும். எண்ணைத் தப்பாக அடித்துவிட்டால் ரீபூட் போதாது, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும். 33.8 ஜிபிக்கு மேல் டிஸ்கைக் கண்டாலே உறைந்துபோகும் பழைய அவார்ட் பயாஸ் போர்டுகளுக்கும் இதே வைத்தியம், எண்ணை மட்டும் இன்னும் குறைக்க வேண்டும்.

முழு இடமும் வேண்டும் என்பவர்களுக்கு பிசிஐ கன்ட்ரோலர் கார்டு. ப்ராமிஸ் அல்ட்ரா133 டிஎக்ஸ்2, சிலிக்கான் இமேஜ் 3112 சிப் உள்ள சாட்டா கார்டு போன்றவற்றுக்கு விண்டோஸ் 98 டிரைவர் உண்டு. அது இருந்தால் இஎஸ்டிஐ_506 ஃபைலுக்கு வேலையே இல்லை. டிரைவர் போடும்வரை டிஸ்க் 'எம்எஸ்-டாஸ் கம்பாட்டிபிலிட்டி' முறையில் ஆமை வேகத்தில் ஓடும். அது கோளாறல்ல, கார்டின் பயாஸ் வழியாகப் போகிறது, அவ்வளவே. கார்டு பழுதாகி, அவசரத்துக்கு அதே டிஸ்கை மதர்போர்டு போர்ட்டில் மாட்டி விண்டோஸை ஏற்றுவதுதான் இதில் உள்ள ஒரே கண்ணிவெடி. இன்டெல் 8 வரிசை சிப்செட் போர்டுகள் பலவற்றில் கார்டே வேண்டாம்; இன்டெல் அப்ளிகேஷன் ஆக்சிலரேட்டர் போட்டால் 48 பிட் வந்துவிடும்.

திருத்திய இஎஸ்டிஐ_506 ஃபைல்களும் புழக்கத்தில் உள்ளன. வேலை செய்யும். ஆனால் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உரிய ஃபைல்தானா என்று பார்த்தே போட வேண்டும். மேலும் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சிடியிலுள்ள பழைய ஃபைல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிரம்பிய 300 ஜிபி டிஸ்க் மேல் 28 பிட் டிரைவர் சத்தமில்லாமல் திரும்பி வருவதைவிட மோசமான நிலை கிடையாது.

டிஸ்க் மேனேஜர், ஈஇசட்-டிரைவ் போன்ற ஓவர்லே மென்பொருள்களை இந்தக் காரியத்துக்குப் பரிசீலிக்கவே வேண்டாம். அவை பயாஸின் குறையை மறைக்க வந்தவை. இங்கே குறை விண்டோஸ் டிரைவரில் இருக்கிறது.

பேசாமல் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை ஐடிஇ-சாட்டா மாற்றியோடு பொருத்திவிட்டால் வரம்புக்குள்ளேயே நிற்கலாம். ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) கிடைக்காது, அந்தக் கால வேலைக்கு அது பெரிய இழப்பில்லை. தேர்வு என்னைக் கேட்டால்: கையில் பெரிய டிஸ்க்தான் இருக்கிறதென்றால் எச்பிஏ வெட்டு, இடம் நிஜமாகவே தேவையென்றால் கார்டு.

எந்த வழியிலும் விடாத இரண்டு தொல்லைகள்

சிடியோடு வரும், பார்ட்டிஷன் போடும் நிரலான எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேல் எண்ணாது. 80 ஜிபி டிஸ்கை ஏறக்குறைய 10 ஜிபி என்று காட்டும். மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க் இதைச் சரிசெய்கிறது. அதிலும் எம்பி கணக்கைக் காட்டும் கட்டத்தில் ஐந்து இலக்கத்துக்குத்தான் இடம் என்பதால், அளவைச் சதவீதமாகக் கொடுங்கள். ஃபார்மேட் கட்டளையும் தப்பான அளவைக் காட்டும். அது வெறும் காட்சிப் பிழை, ஃபார்மேட் முழுதாகவே நடக்கும்.

அடுத்தது, டிஸ்க் பிழைகளைத் தேடும் ஸ்கேன்டிஸ்க். அது 16 பிட் நிரல்; ஃபேட் டேபிள் 16 எம்பியைத் தொட்டால் நினைவகம் போதாமல் நின்றுவிடும். 32 கேபி கிளஸ்டரில் (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகு) இந்த எல்லை 127.53 ஜிபி, விண்டோஸ் கணக்கில். ஆக, 128 ஜிபிக்கு வெட்டிய டிஸ்கில்கூட முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக்கினால் மயிரிழையில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கார்டு போட்டவர்களும் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் இந்த அளவுக்குள் வைப்பதே நல்லது.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி

இங்கே கதை வேறு: எந்த சிடி என்பதே பாதி விடை. சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுப்பு) இல்லாத எக்ஸ்பி சிடி பெரிய டிஸ்கைச் சுமார் 131000 எம்பி என்று காட்டும். வேறு சிஸ்டத்தில் 137 ஜிபி தாண்டிப் பார்ட்டிஷன் போட்ட டிஸ்கில் அந்த சிடியை நுழைக்கவே கூடாது. சர்வீஸ் பேக் 3-ஐ சிடியின் நகலோடு இணைத்துப் புது சிடி எழுதிக்கொண்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது. விண்டோஸ் 2000-இல் சர்வீஸ் பேக் 4 போட்டாலும் போதாது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புத் தொகுப்பு) ஏடிஏபிஐ சர்வீஸின் பாராமீட்டர்ஸ் கீழே 'எனேபிள் பிக் எல்பிஏ' என்ற டிவேர்டை (எண் வகைப் பதிவு), இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக, உருவாக்கி 1 என்று வைக்க வேண்டும். சின்ன பார்ட்டிஷனில் இன்ஸ்டால், சர்வீஸ் பேக், ரெஜிஸ்ட்ரி, ரீபூட், அதன் பிறகே மீதி இடம். வரிசை மாறக்கூடாது.

சாட்டா போர்டில் 0x7பி நீலத்திரை (டிஸ்கை விண்டோஸால் அணுக முடியாத பிழை) வந்தால் பயாஸில் ஏஎச்சிஐ என்ற சாட்டா முறையை ஐடிஇ ஆக்குங்கள், அல்லது அதற்கான டிரைவரை சிடியில் சேர்த்துவிடுங்கள்.

எக்ஸ்பியில் டிஸ்க் வேகம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. எக்ஸ்பி செட்டப் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். உள்ளே 4096 பைட் செக்டார் கொண்ட புதிய டிஸ்குகளில் 63 என்பது எட்டால் (4096 பைட் என்பது 512 பைட் செக்டார் எட்டு) வகுபடாத எண். ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் இரண்டு செக்டாரில் கால் வைக்கும், ஒரு எழுத்துக்குப் படித்துத் திருத்தி எழுதும் வேலை கூடும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு 2048-ஆம் செக்டாரில் தொடங்கும் பிரைமரி பார்ட்டிஷனை முன்பே போட்டு என்டிஎஃப்எஸ் ஆக்கி, செட்டப்பில் 'இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை அப்படியே விடு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். செட்டப்பில் பார்ட்டிஷனை அழித்து மறுபடி உருவாக்கினால் பழையபடி 63 வந்து நிற்கும்.

கடைசி எல்லை 2.2 டிபி. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி (பெரிய டிஸ்குக்கான புதிய பார்ட்டிஷன் முறை) தெரியாது, எம்பிஆர் அதற்கு மேல் எண்ணாது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால், 2.2 டிபி கழிந்த மிச்சம்தான் அது. அங்கே எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டாரை 4096 பைட்டாகக் காட்டி எக்ஸ்பியில் முழு 3 டிபியையும் தருகின்றன. தரவு வைக்க மட்டுமே அது உதவும், பூட் செய்ய முடியாது. அந்த டிஸ்கைப் பெட்டியிலிருந்து கழற்றி சாட்டா கேபிளில் நேராக மாட்டினால் செக்டார் கணக்கு மாறி, பார்ட்டிஷனே இல்லாததுபோல் தெரியும்.