ஒரு கூண்டுக்கு ஆயிரமா, எழுநூற்றைம்பதா? கடல் விரால் வளர்ப்பில் ஒரு கணக்கு

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடலில் மீன் வளர்க்கக் கூண்டு போடும் யாரும் முதலில் கேட்பது குஞ்சு எண்ணிக்கையைத்தான். 2010-இல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் விரால் (கோபியா) மீனைச் சினைப்படுத்திக் குஞ்சு எடுத்ததிலிருந்தே இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. குஞ்சு கிடைக்கிற நேரத்தில் அள்ளிப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு கட்சி, குறைவாகப் போட்டு நன்றாக வளர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது இரண்டையும் விட நல்லது.

முதலில் தண்ணீரை அளந்துகொள்வோம். நம் பக்கம் பரவலாக இருப்பது 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூண்டு. உள் வலை 4 மீட்டர் ஆழம் தொங்கினால் கொள்ளளவு சுமார் 113 கன மீட்டர். ஆறேழு மாதத்தில் கடல் விரால் மூன்று கிலோ வரை வரும். ஆயிரம் மீனும் அந்த எடைக்கு வந்தால் கூண்டில் 3,000 கிலோ, அதாவது ஒரு கன மீட்டருக்கு 26 கிலோவுக்கு மேல். எழுநூற்றைம்பது என்றால் 20 கிலோ. ஐந்நூறு என்றால் 13.

இந்த எண்களை நார்வேயோடு வைத்துப் பாருங்கள். அங்கே சால்மன் கூண்டில் ஒரு கன மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் மீன் இருக்கக் கூடாது என்பது சட்டம். அது குளிர்ந்த கடல். 10 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். நம் கடலில் 30 டிகிரி வெயில் காலத்தில் 6-ஐக் கொஞ்சம் தாண்டினால் பெரிது. தண்ணீர் சூடாக சூடாக மீனுக்கு மூச்சுத் தேவையும் ஏறுகிறது. போதாததற்கு, கடல் விராலுக்குக் காற்றுப்பை கிடையாது. மிதந்து நிற்க முடியாமல் நீந்திக்கொண்டே இருக்கிற மீன் அது. ஆக, ஒரு கூண்டில் ஆயிரம் போடுகிறவர், நார்வேக்காரர் குளிர்ந்த நீரில் தாண்டக் கூடாத எல்லையைச் சூடான நீரில் தாண்டுகிறார்.

சரி, ஆயிரம் போட்டால் மீன் செத்துவிடுமா? நீரோட்டம் நன்றாக இருக்கும் நாட்களில் சாகாது. நெரிசல் வளர்ச்சியில்தான் தெரியும். காலையில் தீவனம் போடும்போது கவனித்தால் புரியும்: வலுத்த மீன்கள் மேலே வந்து சாளைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு போகும், ஒதுங்கிய மீன்கள் கீழேயே சுற்றும். மிச்சத் துண்டு வலைக்கண் வழியே கீழே போய்விடும். அறுவடைக்கு வலையைத் தூக்கினால் சில மீன் மூன்று கிலோவைத் தாண்டியிருக்கும், சில ஒன்றரையில் நின்றிருக்கும். வலையில் உரசி வால் ஓரம் தேய்ந்ததும் இருக்கும். துண்டு போட்டு விற்கும் மீன் இது, வியாபாரி பெரியதைத்தான் முதலில் கேட்பார்.

இருந்தாலும் நெருக்கமாகப் போடுகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தனி மீன் எடை குறைந்தாலும் கூண்டின் மொத்த எடை கூடலாம். ஆயிரம் மீன் ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவில் நின்றது என்று வைத்துக்கொள்வோம்: 2,500 கிலோ. எழுநூற்றைம்பது மீன் மூன்று கிலோ வந்தால் 2,250. தாளில் 250 கிலோ லாபம். ஆனால் ஒரு கிலோ மீன் ஏற ஐந்தாறு கிலோ பச்சை மீன் தீவனம் போகிறது. அந்த 250 கிலோவுக்கு மட்டும் ஒன்றரை டன் சாளை வாங்க வேண்டும். கூடுதலாக 250 குஞ்சின் விலையும் உண்டு. சிறிய மீனுக்குக் குறைகிற விலையையும் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

எனக்குப் பெரிய பயம் கெட்ட நாட்களைப் பற்றித்தான். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரைப் பாசி பரவிக் கடல் பச்சையானது, மீன்கள் செத்து ஒதுங்கின. அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் சரிந்துவிடும். கடலில் திரியும் மீனாவது விலகி ஓடப் பார்க்கும், கூண்டு மீன் எங்கே போகும்? பாசி வராத சாதாரண நாளிலும் காற்று விழுந்து நீரோட்டம் நின்றுவிட்டால் விடியற்காலை ஆபத்தான நேரம். வலையில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர்) பாசியும் அப்பி, கண்ணி அடைபட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நீரோட்டம் பலமாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கொள்ளளவு சுருங்கும். 113 கன மீட்டர் என்பது அமைதியான கடலில் போட்ட கணக்கு. ஆக, குஞ்சு விடும் நாளை வைத்து அடர்த்தியைத் தீர்மானிக்கக் கூடாது. மீன் மிகப் பெரிதாகவும் கடல் மிக மோசமாகவும் இருக்கும் நாளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்படியானால் ஐந்நூறே போதுமா? அதுவும் வீண்தான். குஞ்சு 200 கிராம் இருக்கும்போது ஆயிரம் போட்ட கூண்டில்கூட கன மீட்டருக்கு இரண்டு கிலோ தேறாது. முதல் இரண்டு மூன்று மாதம் கூண்டு காலியாகத்தான் கிடக்கிறது. மூன்றாவது வழி இங்கேதான் வருகிறது. ஒரே கூண்டில் ஆயிரத்து ஐந்நூறு விடுங்கள். அரைக் கிலோவைத் தொடும்போது கூண்டின் அடர்த்தி ஏழு கிலோவுக்குள்தான் இருக்கும், பயமில்லை. அப்போது அளவு பார்த்துப் பிரித்து இரண்டு கூண்டில் எழுநூற்றைம்பதாக மாற்றிவிடலாம். பெரியது ஒரு கூண்டு, சிறியது ஒரு கூண்டு என்றானதும் சிறியதற்கும் தீவனம் கிடைக்கும். வேலை அதிகம்தான். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், முந்தின நாள் தீவனம் நிறுத்த வேண்டும், முடிச்சில்லாத வலையால் அள்ள வேண்டும். ஒரே கூண்டு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் எழுநூற்றைம்பதைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. நீரோட்டம் மந்தமான இடமென்றால் அறுநூறு.

இந்தக் கணக்கை எல்லா மீனுக்கும் அப்படியே போட்டுவிடக் கூடாது. கொடுவாக் குஞ்சுக்கு நெரிசலை விட அளவு வித்தியாசம்தான் எமன். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் தம்பியையும் விழுங்கிவிடும். அதற்கு அடிக்கடி தரம் பிரிப்பதுதான் மருந்து, எண்ணிக்கையைக் குறைத்து மட்டும் பயனில்லை. பொம்பானோ கூட்டமாகத் திரியும் சிறிய மீன், எண்ணிக்கையில் அதிக நெருக்கத்தைத் தாங்கும். வட துருவப் பக்கத்து ஆர்க்டிக் சார் மீன் குறைவாகப் போட்டால் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு வளராமல் போகிறது, நெருக்கமாக வைத்தால்தான் சண்டை அடங்குகிறது. அடர்த்தி குறைந்தால் வளர்ச்சி கூடும் என்ற விதி கடல் விராலுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் மாதம் ஒருமுறை சில மீன்களைப் பிடித்து எடை போட்டு, இருக்கும் எண்ணிக்கையால் பெருக்கிக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். எண் 15-ஐ நெருங்கும்போது கடல் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காற்று விழும் பருவமென்றால், விலை ஏறட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மீன்களை எடுத்து விற்றுவிடலாம். மிச்ச மீனுக்கு அன்றைக்கே இடம் கிடைத்துவிடும்.