தாவர உணவா, கலப்பு உணவா: தசைக்கு ஒரு கணக்கு, எலும்புக்கு வேறு கணக்கு

இறைச்சி இல்லாமல் தசை வளராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2021-இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. முழுத் தாவர உணவுக்கார இளைஞர்கள் ஒரு பக்கம், எல்லாம் உண்பவர்கள் மறுபக்கம். இரு தரப்புக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். 12 வாரம் கால் பயிற்சி. தசையும் பலமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடின.

சரி, சமன்தானா? அந்த அளவை எட்ட இரு தரப்புக்குமே புரதப் பொடி தரப்பட்டது: ஒருவருக்கு சோயா, மற்றவருக்குப் பால் புரதம். பொடி இல்லாமல் 70 கிலோ எடையுள்ளவர் 112 கிராம் புரதம் பெற வேண்டுமென்றால் வித்தியாசம் தெரியும். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, வெந்தபின் 100 கிராமுக்கு 31 கிராம் தரும். வெந்த பருப்பு 9 கிராம்தான். பசி குறைந்த முதியவருக்கு இது பெரிய சிக்கல்.

இதயத்துக்கு வந்தால் தாவர உணவு முந்துகிறது. பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் (2019), இறைச்சி உண்பவர்களைவிட சைவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் 22% குறைவு. அதே ஆய்வில் பக்கவாதம் 20% அதிகம் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே குழு, முட்டை, பால்கூடத் தொடாதவர்களுக்கு எலும்பு முறிவு 43% அதிகம் என்றது. கால்சியமும் புரதமும் குறைந்தது ஒரு காரணம்; ஆனால் அதைக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. இவை கவனிப்பு ஆய்வுகள்: மக்கள் தாமாக உண்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பவை. காரணத்தை உறுதியாக நிறுவுவதில்லை.

கலப்பு உணவு என்றதும் சாசேஜும் பேக்கனும் சேர்ந்துகொள்வதுதான் எனக்குக் கவலை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி, பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18% கூட்டும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2015-இல் சொன்னது. மீனையும் முட்டையையும் அதே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

தாவர உணவில் நான் விட்டுக்கொடுக்காத இடம், தாவரங்களில் இயல்பாகக் கிடைக்காத பி12 வைட்டமின். கல்லீரலில் சேமிப்பு சில ஆண்டுகள் ஓடும். அதனால் குறை தெரியாது. கீரையிலும் பருப்பிலும் கிடைக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடலாம். நரம்பு பாதித்த பிறகுதான் கைகால் மரத்துப்போவது தெரியவரும். முழுத் தாவர உணவுக்குப் போகிறவர் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ முதல் நாளிலிருந்தே எடுக்க வேண்டும்.

என் தேர்வு: தட்டில் பெரும்பகுதி தாவரம், கூடவே கொஞ்சம் முட்டை, மீன், தயிர். அறுபதைத் தாண்டியவருக்கு இதையே முதலில் சொல்வேன்.