கலிபோர்னியா கிங் ஸ்நேக்கா, கார்ன் ஸ்நேக்கா: முதல் பாம்புக்கு எது?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதன்முறையாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுவார். இரண்டுக்கும் விஷம் இல்லை (ராஜநாகம் வேறு, கிங் ஸ்நேக் வேறு). இரண்டும் 15 முதல் 20 ஆண்டு வாழும், எலி தின்னும், 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் நன்றாக இருக்கும். வெப்பமும் ஒன்றேதான்: சூடான முனையில் 29–31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 23–25. பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பசியில் இருக்கிறது.

கிங் ஸ்நேக் காட்டில் மற்றப் பாம்புகளையும் பிடித்துத் தின்னும். ராட்டில் ஸ்நேக்கின் விஷத்தைக்கூடப் பெருமளவு தாங்கும். அதனால் ஒரு தொட்டிக்கு ஒன்று என்பதில் பேச்சுக்கே இடமில்லை. இணை சேர்க்க விட்ட ஜோடியில்கூட ஒன்று மற்றொன்றை விழுங்கியது உண்டு. கார்ன் ஸ்நேக்கையும் தனியாக வைப்பதே நல்லது. ஆனால் அதற்குக் காரணம் வேறு: ஒன்று மற்றதை ஒதுக்கி சூடான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எது கக்கியது என்றும் தெரியாது.

இந்தப் பசி உங்கள் விரலையும் விடாது. கையில் எலி வாசனை இருந்தால் கிங் கடிக்கும். கடித்ததை விடாமல் மெல்லும், உடலைச் சுற்றிக்கொள்ளும். பிடித்து இழுக்காதீர்கள். பல் உள்நோக்கி வளைந்திருப்பதால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் விட்டுவிடும். கடி வாங்காமல் தடுக்க வழி எளிது: தூக்குவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாம்பைத் தூக்கும் கொக்கியால் அதன் உடலை மெதுவாகத் தட்டுங்கள். தட்டினால் சாப்பாடு இல்லை என்பது சில வாரங்களில் அதற்குப் பழகிவிடும். உணவை எப்போதும் நீண்ட இடுக்கியில் கொடுங்கள். கார்ன் குட்டி பயத்தில் வாலை நடுக்கிக் கொத்தும், உடனே விட்டுவிடும். வளர்ந்தபின் கொத்துவது அபூர்வம். பயந்த கிங் இன்னொன்றும் செய்யும்: நாற்றமடிக்கும் திரவத்தைக் கையில் பீய்ச்சும். சட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதே பசி சாப்பாட்டு விஷயத்தில் வரம். கிங் குட்டி பொதுவாக முதல் எலியிலேயே பாயும். கார்ன் குட்டிகளில் சில வாரக்கணக்கில் வாய் திறக்காது. அப்படியானால் பிறந்த எலிக்குஞ்சை (பிங்கி) நன்கு சூடாக்கி, துளையிட்ட சிறிய டப்பாவில் பாம்போடு வைத்து, இருட்டில் இரவு முழுக்கத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். அப்படியும் தின்னவில்லையென்றால் பிங்கியின் தலையைச் சற்றுக் கீறி வையுங்கள். அந்த வாசனைக்குப் பல குட்டிகள் மசியும். வாங்கும்போதே உறைய வைத்த எலியைத் தொடர்ந்து பலமுறை தின்ற குட்டியாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டுக்கும் அளவு ஒன்றே: உடலின் மிகப் பருத்த பகுதியின் அகலமுள்ள எலி, குட்டிக்கு 5–7 நாளுக்கு ஒன்று, வளர்ந்ததற்கு 10–14 நாளுக்கு ஒன்று. உறைந்த எலியை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கி, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடித்துவிடும். தின்றபின் 48 மணி நேரம் தூக்காதீர்கள். எலி பெரிதாக இருந்தாலோ, தொட்டி குளிர்ந்தாலோ, அவசரப்பட்டுத் தூக்கினாலோ கக்கிவிடும். கக்கினால் 10–14 நாள் பட்டினி போட்டு, பிறகு பாதி அளவில் தொடங்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் தலையைத் தூக்கிக் கெஞ்சும் கிங்கைப் பார்த்து இரக்கப்பட்டால், ஓராண்டில் வாலடியில் கொழுப்பு திரண்டு நிற்கும்.

தொட்டி அமைப்பில் கிங் புதைபவன், கார்ன் ஏறுபவன். முன்னதற்கு ஆஸ்பென் மரச்சீவல் 8–10 செ.மீ. ஆழம், பின்னதற்கு உறுதியான கிளைகளும் 60 செ.மீ. உயரமும். சிடார் மரச்சீவல் இரண்டுக்கும் ஆகாது. வெப்பப் பாயோ விளக்கோ, தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் எதையும் இணைக்க வேண்டாம். வயிற்றுத் தீக்காயங்களுக்கு வழக்கமான காரணம் அதுதான். கண் நீலம் பூத்து சட்டை உரிக்கும் நாட்களில் ஈரப் பாசி வைத்த மறைவிடம் ஒன்று வையுங்கள்.

மூடிக்குப் பூட்டு இரண்டுக்கும் கட்டாயம். பென்சில் தடிமனுள்ள குட்டி எந்த இடுக்கிலும் நுழையும். கிங் மூக்கால் விடாமல் முட்டும்.

சிறு குழந்தைகள் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் வீட்டுக்கு கார்ன்தான் எங்கள் தேர்வு. பகலிலும் சுறுசுறுப்பாகத் திரியும், வெறித்தனமாகத் தின்னும் பாம்பு வேண்டுமென்றால் கிங்.

சில இடங்களில் சட்டமே முடிவு செய்துவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கார்ன் ஸ்நேக் உள்ளூர்ப் பாம்பு என்பதால் வளர்க்கத் தடை. ஆஸ்திரேலியாவில் இரண்டுக்குமே அனுமதி இல்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிபோர்னியா கிங்குகள் பெருகி அத்தீவுக்கே உரிய பெரும்பல்லிகளைத் தின்று தீர்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கிங் ஸ்நேக்கை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஏற்கெனவே வளர்ப்பவர் தப்பவிடாமல், இனப்பெருக்கம் செய்யாமல் அதன் ஆயுள்வரை வைத்திருக்கலாம். புதிதாக வாங்குபவருக்கு கார்ன் மட்டுமே மிச்சம்.