ரிவாவில் ஆப்டிமிஸ்ட் வாடகை: படகு அவர்களுடையது, பாய் உங்களுடையது

ஈஸ்டரை ஒட்டி இத்தாலியின் கார்டா ஏரிக்கரை ஊரான ரிவா டெல் கார்டாவில், ஒரு பிள்ளை தனியாக ஓட்டும் சிறு பாய்ப்படகான ஆப்டிமிஸ்ட்டுக்கென நடக்கும் போட்டியான ஆப்டிமிஸ்ட் மீட்டிங்குக்கு ஆறேழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் கிளப்புக்கு, விசாவைவிடப் பெரிய கேள்வி படகு. கன்டெய்னரில் ஏற்றி அனுப்பினால் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். அதற்கு ஏடிஏ கார்னெட் (பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் சுங்கத் தாள்) வாங்க வேண்டும், திரும்பி வரும்வரை உள்ளூரில் பயிற்சிக்குப் படகு இருக்காது. ஒரே ஒரு ரெகாட்டாவுக்காக (படகுப் போட்டிக்காக) இதைச் செய்வது வீண். ஆகவே வாடகைதான். போட்டி நாட்களில் படகு கட்டும் கம்பெனிகளும் வாடகைக்கென்றே படகு வைத்திருப்பவர்களும் லாரி லாரியாக ரிவாவுக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். இந்தச் சேவையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதுதான் கணக்கு.

சுருக்கமாகச் சொன்னால், படகின் உடல், டாகர்போர்டு (நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை), ரட்டர் (சுக்கான்) இந்த மூன்றுக்கும் கொடுத்த காசு வீணாகாது. மாஸ்ட் (பாய்மரம்), பூம் (பாயின் அடியில் படுக்கையாக நிற்கும் கழி), ஸ்பிரிட் (பாயின் மேல்மூலையைச் சாய்வாகத் தாங்கும் கழி) கண்ணால் பார்த்த பிறகே. கயிறு, கப்பி, ஹைக்கிங் ஸ்ட்ராப் (படகுக்கு வெளியே சாயும்போது காலை மாட்டிக்கொள்ளும் பட்டை) எல்லாம் சுமார். பாய் வாடகைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உடல் ஏன் நன்றாக இருக்கிறது? கார்டா நன்னீர் ஏரி. சென்னைத் துறைமுகத்தில் ஓடிய படகில் ஸ்டீல் திருகும் அலுமினியமும் உப்பில் ஒட்டிப்போய், ஒரு போல்ட்டைக் கழற்ற அரை நாள் போகும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலும் ஓரிரு சீசன் ஓடி, பிறகு விற்பனைக்குப் போகிற படகுகள்தான் வாடகைக்கு வருகின்றன, அதனால் வைத்திருப்பவரே அடிப்பாகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். "நன்னீரில் படகு தாழும், அதனால்தான் வேகம் வரவில்லை" என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. படகு, பாய்மரம், பிள்ளை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்தால், கடல்நீருக்கும் நன்னீருக்கும் வித்தியாசம் இரண்டேகால் லிட்டர் இடப்பெயர்ச்சி. காரணத்தை வேறு இடத்தில் தேடலாம்.

ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் டாகர்போர்டு நுழையும் வாயின் ஓரத்தை விரல் நகத்தால் தடவினால் போதும், ஜெல்கோட்டில் (படகின் வழவழப்பான மேற்பூச்சில்) உள்ள விரிசல் நகத்தில் மாட்டும். படகு தள்ளுவண்டியிலிருந்து இறங்கும்போதும், கரையில் போர்டை எடுக்க மறந்து இழுக்கும்போதும் முதல் அடி அங்கேதான் விழும். விளிம்பைத் தட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். தராசு கிடைத்தால் எடை போட்டுவிடுங்கள். விதிப்படி உடலின் குறைந்தபட்ச எடை 35 கிலோ. அதற்குமேல் ஒரு கிலோ இரண்டு கிலோ கூடியிருக்கிறதென்றால் காய்ந்த வேறு படகு கேட்கலாம், முதல் நாள் என்றால் கொடுப்பார்கள். கடைசி நாள் வந்து கேட்டால் நிற்கிற படகுதான்.

மூன்று காற்றுப் பைகளையும் இறுக ஊதி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று தொய்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒட்டுப் போட்டு ஓட்டப் பார்ப்பவரிடம் இசைந்துபோகாதீர்கள். ஏப்ரலில் ஏரித் தண்ணீர் 10–12 டிகிரியைச் சுற்றி நிற்கும். கவிழ்ந்த படகு நிமிர்ந்து மிதப்பதும் தண்ணீரை இறைப்பதும் அந்தக் குளிரில் விளையாட்டல்ல.

சிக்கல் மாஸ்ட்டில் தொடங்குகிறது. ஒரு மாஸ்ட்டைச் சமதளத் தரையில் வைத்து உருட்டுங்கள். நேராக இருந்தால் சத்தமில்லாமல் உருளும், வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் தூக்கி "டக்" என்று விழும். கூடத்து டைல் தரை இதற்கு உத்தமம். பூமையும் ஸ்பிரிட்டையும் இப்படியே பார்க்கலாம். பூமின் முன்முனையில் மாஸ்ட்டைக் கவ்வும் பிளாஸ்டிக் தாடை விரிசல் விட்டிருக்கிறதா, ஸ்பிரிட் முனைகளில் உள்ள அடைப்பு ஆடுகிறதா என்பது அடுத்தது. வாடகைத் தொகுப்பில் கிளப் தரத்து மென்மையான மாஸ்ட்டையும் பந்தய மாஸ்ட்டையும் கலந்து கொடுப்பது சகஜம். 38 கிலோ பிள்ளைக்கு மென்மையான மாஸ்ட் பரவாயில்லை. 50 கிலோ பிள்ளைக்குப் பலத்த காற்றில் அது வளைந்து பாயின் வடிவத்தையே கெடுத்துவிடும். முன்பதிவின்போதே பிள்ளைகளின் எடையை எழுதி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்ட்டின் அடி உட்காரும் தட்டில்தான் சாய்வை மாற்றும் திருகு இருக்கிறது. பல கைகள் திருகித் திருகி மரை தேய்ந்துவிட்டிருக்கும். கரையில் அளந்தபோது சரியாக இருந்த சாய்வு, முதல் அலையிலேயே நகரும். மாஸ்ட் உச்சியில் டேப்பின் முனையை மாட்டி, பின்பலகையின் மேல்விளிம்பு வரை அளவெடுங்கள், பாய் தைத்தவர் கொடுத்த அட்டவணைதான் அளவுகோல். பிறகு மாஸ்ட்டை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் உலுக்கி மறுபடி அளங்கள். அரை சென்டிமீட்டர் மாறினாலே அந்தத் தட்டு ஆகாது. மாஸ்ட்டைக் கீழே பிடித்து நிறுத்தும் கிளாம்ப் இல்லாமல் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கவிழும்போது மாஸ்ட் பாதி கழன்று குறுக்குப்பலகையை நெம்பினால் பிளவு விழும், அந்தச் செலவு உங்கள் டெபாசிட்டிலிருந்து போகும்.

இந்த ஏரியின் காற்றைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. விடியலுக்கு முன்பிருந்து முற்பகல் வரை வடக்கிலிருந்து பெலேர் என்ற காற்று வீசும், நம் வாடை மாதிரி. மதியத்தை ஒட்டி அது ஓய்ந்து, தெற்கிலிருந்து ஓரா என்ற காற்று எழும். வெயிலில் மலைப் பள்ளத்தாக்கு சூடாகி, ஏரியின் மேலும் தெற்கே உள்ள போ ஆற்றுச் சமவெளியின் மேலும் இருக்கும் காற்றை உள்ளே இழுப்பதால் வருவது இது. ஏரி வடக்கே போகப் போகக் குறுகி இருபுறமும் பாறைச்சுவர் நிற்பதால் ரிவாவில் வேகம் கூடும். வானம் மூடியிருந்தால் ஓரா வராமலே போகலாம், அன்றைக்குப் பந்தயம் காத்திருப்பில் கழியும். காற்று நல்ல நாளில், ஸ்டார்ட் அடித்ததும் மொத்தக் கூட்டமும் வலதுபக்கப் பாறையை நோக்கித் திரும்பும். அலை நம் கடலின் நீண்ட அலை அல்ல. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றும் படகின் முன்முனையான அணியத்தைத் தாண்டி அரைக் குடம் தண்ணீரைப் படகுக்குள் கொட்டும்.

இதனால் மூன்று பொருள்கள் முக்கியமாகின்றன. முதலாவது இறைக்கும் குடுவை. வாடகைப் படகில் ஒன்று இருக்கும், சிறிதாக இருக்கும். 5 லிட்டர் எண்ணெய் கேனைக் குறுக்கே வெட்டி இரண்டு கொண்டுபோங்கள், இரண்டையும் கயிற்றில் கட்டுங்கள். இரண்டாவது ஹைக்கிங் ஸ்ட்ராப். அதைக் கட்டியிருக்கும் மெல்லிய கயிறு அறுந்தால் பிள்ளை பின்பக்கமாகத் தண்ணீரில். பழைய கயிறுகளை அவிழ்த்தெறிந்து புதிது கட்ட ஒரு படகுக்குக் கால் மணி நேரம். மூன்றாவது, சுக்கானைத் திருப்பும் கைப்பிடியின் நீட்டிப்புக் கோலான டில்லர் எக்ஸ்டென்ஷனின் ரப்பர் மூட்டு. அதை மடக்கிப் பாருங்கள், வெயிலில் வெடித்த கீறல்கள் மடிப்பில் தெரியும். உதிரி நான்கு பையில் இருக்கட்டும், எடை ஒன்றும் இல்லை.

மெயின்ஷீட்டும் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) ராட்செட் கப்பியும் (ஒரு பக்கம் மட்டும் உருண்டு, மறுபக்கம் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் கப்பி) சொந்தமாகவே கொண்டுபோவது நல்லது. வாடகைப் படகில் ராட்செட் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்க்கலாம், இழுக்கும்போது உருளாமல் பிடித்துக்கொண்டு, விடும்போது கிடுகிடுத்து ஓடும். அது வேலை செய்வதாகவே நினைத்துப் பிள்ளை இரண்டு நாள் கை நோக ஓட்டும்.

படகை இழுக்கக் கட்டும் கயிறு குறைந்தது 8 மீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் தடிமன், மிதக்கும் வகை என்பது விதி. பழைய படகுகளில் நாலைந்து மீட்டரில் ஏதோ ஒரு கயிறு தொங்கும். சோதனையில் மாட்டுவது ஒருபக்கம். காற்று ஏறி மீட்புப் படகு ஏழெட்டு ஆப்டிமிஸ்ட்டுகளை வரிசையாகக் கட்டி இழுக்கும்போது குட்டைக் கயிறு இருப்பவர் முன்படகின் பின்பலகையில் மோதிக்கொண்டே வருவார்.

இப்போது பாய். ஆப்டிமிஸ்ட்டின் பாயை மாஸ்ட்டோடும் பூமோடும் சிறு சிறு கயிறுகளால் கட்டுகிறோம். பாய்க்கும் மாஸ்ட்டுக்கும் நடுவில் இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பலத்த காற்றில் முடிச்சு நெகிழ்ந்து, கரையில் 6 மில்லிமீட்டராக இருந்தது இரண்டாவது ரேஸில் 11 ஆகிவிடும், நடுவர் அளந்தால் தகுதியிழப்பு. தன் பாயைத் தானே நூறு முறை கட்டிய பிள்ளைக்கு எந்தக் கட்டு நழுவும் என்று கைக்குத் தெரியும். வாடகைப் பாயில் அது தெரியாது, துணியும் ஏற்கனவே தொய்ந்திருக்கும், யார் எடைக்குத் தைத்ததோ. ஸ்பிரிட்டை இறுக்குவதற்கும் இதே கதை. மாஸ்ட் உச்சியிலிருந்து பூமின் பின்முனைக்குச் சாய்வாக மடிப்பு விழுந்தால் ஸ்பிரிட் போதவில்லை. மேல்மூலையிலிருந்து கீழ் முன்மூலைக்கு விழுந்தால் அதிகம். தொய்ந்த துணியில் இரண்டு மடிப்பும் சேர்ந்தே நிற்கும், எதை நம்புவது?

கொண்டுபோகும் முறை: பாயின் அடி ஓரத்துக்கு இணையாகச் சுருட்டினால் நீளம் 2 மீட்டரைச் சுற்றி வரும். ஹார்டுவேர் கடையில் 6 அங்குல பிவிசி குழாய், இரு முனைக்கும் மூடி. ஆறேழு பாய் ஒரே குழாயில் அடங்கும். விமானத்தில் இந்த நீளத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரிவாவுக்கு அருகில் வெரோனா விமான நிலையம் இருக்கிறது என்பதற்காக அங்கேயே டிக்கெட் போடாதீர்கள். கடைசித் துண்டுக்கு வரும் சிறிய விமானத்தில் குழாய் ஏறாமல் நிற்கலாம். மிலானிலோ வெனிஸிலோ பெரிய விமானத்தில் இறங்கி வேன் எடுப்பது நிம்மதி. புறப்படும் நாளில் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பாய், கப்பிகளின் பட்டியலைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பும்போது புதுச்சரக்கா என்ற கேள்வி எழாது.

கோச் ஓட்டும் மோட்டார் படகும் வாடகைக்குத்தான். திரென்தினோ மாகாணத்துக்குட்பட்ட வடபகுதி ஏரியில் தனியார் மோட்டார் படகுக்குத் தடை. போட்டி நடத்துபவர்களிடம் பதிவு செய்த படகு மட்டும் ஓடலாம். வாடகை கொடுத்தாகிவிட்டது என்று பதிவு செய்யாமல் இறங்கினால் கரைக்குத் திருப்பி அனுப்புவார்கள். 40 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சினுக்கு இத்தாலியில் உரிமம் தேவை, இந்தியாவில் வாங்கிய சான்றிதழ் செல்லுமா என்பதைத் தருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் 40க்குள் உள்ளதைக் கேளுங்கள், ஆறு பிள்ளைகளுக்கு அது தாராளம்.

காப்பீட்டில் குழம்புகிறவர்கள் பலர். வாடகைக்காரர் விற்பது அவருடைய படகின் சேதத்துக்கு. போட்டி கேட்பது மூன்றாம் நபருக்கு நேரும் இழப்புக்கு, இத்தாலியில் வழக்கமாக 15 லட்சம் யூரோ வரை. இரண்டும் வேறு. ஆயிரம் படகு இறங்கும் இடம் இது. 1983இல் தொடங்கிய இந்த மீட்டிங், 2012இல் 1,055 படகுகளோடு கின்னஸில் ஏறியது. அத்தனை பேர் ஒரே சரிவில் தள்ளுவண்டியோடு இறங்கும்போது மோதல் தண்ணீருக்கு முன்பே தொடங்கிவிடும். ஒரே மாதிரி வண்டிகள் என்பதால் பிள்ளை கரைக்கு வந்ததும் குளிரில் நடுங்கிக்கொண்டு தன் வண்டியைத் தேடும். கைப்பிடியில் மஞ்சள் துண்டோ பழைய தாவணித் துணியோ கட்டிவிடுங்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

முன்பதிவு நாலைந்து மாதம் முன்னால். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது, பயிற்சி நாட்களுக்கு அதே படகா வேறா என்பது. சிலர் பயிற்சிக்கு ஒன்றும் போட்டிக்கு ஒன்றும் தருவார்கள், நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்த மாஸ்ட் வேறு யாருக்கோ போய்விடும். அதே படகு என்று எழுதி வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் மாலைதான் இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி. எல்லாரும் ஒரே நேரத்தில் லாரிக்குப் படகைக் கொண்டுவருவார்கள், சோதிக்கிறவருக்கு அவசரம், டெபாசிட்டில் பிடித்தம் அந்த அவசரத்தில்தான் முடிவாகும். வாங்கிய அன்றே அணியம், பின்பலகை, அடிப்பாகம், டாகர்போர்டு முனைகள் எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்துப் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு குறையும். காய்ந்த ஜெல்கோட்டில் மெல்லிய கீறல் படத்தில் விழாது, ஈரத்தில் கோடாகத் தெரியும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒரு பெரியவர் லாரி அருகிலேயே நின்று, கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு வரட்டும்.

பாயை அன்றிரவே காயவைத்துச் சுருட்டுங்கள். முடியவில்லை என்றால் குழாயின் மூடிகளில் நாலு துளை போட்டுவிடுங்கள். ஈரத்தோடு மூடிய குழாய் சென்னை வெயிலில் இரண்டு நாள் கிடந்தால், திறக்கும்போது கரும்புள்ளி விழுந்திருக்கும்.