"ஆஃப்லைன்" காட்டும் வீட்டு பிரிண்டர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெளிந்தவை

வீட்டுக்கு வாங்கும் வைஃபை இங்க் டேங்க் பிரிண்டர் முதல் சில மாதங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆதார், ஹால் டிக்கெட், பிள்ளைகளின் பிராஜெக்ட், பட்டா நகல் என்று எதைக் கொடுத்தாலும் அச்சடித்துத் தரும். அதன் பிறகு ஒரு நாள் லேப்டாப்பில் "ஆஃப்லைன்" என்ற சொல் வந்து உட்காரும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தாள் மட்டும் நகராது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே கேபிளில் மாட்டியதும் அழகாக அச்சாகும். பெரும்பாலான சமயம் கோளாறு பிரிண்டரில் இல்லை. லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

எனவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து பிரிண்டரிலேயே நகல் எடுப்பது. நகல் ஒழுங்காக வந்தால் மை, ஹெட் (மையைத் தாளில் தெளிக்கும் பகுதி), தாள், உருளை எல்லாம் சரி. கோடு விழுந்தோ வெள்ளையாகவோ வந்தால் லேப்டாப்பை மறந்துவிட்டு ஹெட்டைப் பாருங்கள். இரண்டாவது, பிரிண்டரின் ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அதற்கு உள்ள எண்) லேப்டாப்பில் உள்ள பிரவுசரில் தட்டிப் பார்ப்பது. பிரிண்டருக்கென்று உள்ள சிறிய பக்கம் திறந்தால் நெட்வொர்க் சரி, தவறு விண்டோஸிலோ டிரைவரிலோ (விண்டோஸைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) இருக்கிறது. திறக்கவில்லை என்றால் வைஃபை பக்கம் திரும்புங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வரலாம். உங்கள் வீட்டு பிரிண்டர்தான் என்பதால் தாண்டிப் போகலாம். ஐபி முகவரி பிரிண்டரின் திரையில் வைஃபை விவரத்தில் இருக்கும். திரை இல்லாத மாடலில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடிக்க ஒரு பொத்தான் சேர்க்கை இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்.

இந்த "ஆஃப்லைன்" ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரிண்டரை நிறுவிய அன்று ரவுட்டர் அதற்கு 192.168.1.7 என்று ஒரு முகவரி கொடுத்தது என்று வையுங்கள். லேப்டாப்பும் அதையே குறித்துக்கொண்டது. ஒரு நாள் மின்வெட்டு. கரண்ட் வந்ததும் ரவுட்டர், போன்கள், டிவி, பிரிண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரவுட்டர் மறுபடி முகவரிகளைப் பங்கிடும்போது பிரிண்டருக்கு 192.168.1.11 விழுகிறது. லேப்டாப் இன்னும் 7ஆம் எண் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. பலரும் செய்வது பிரிண்டரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பது. அன்றைக்கு வேலை செய்யும், ஏனென்றால் புதிதாகச் சேர்க்கும்போது புது முகவரி பதிவாகிறது. அடுத்த மின்வெட்டு வரைதான் அந்த நிம்மதி.

நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கு ஒரே முகவரியைக் கட்டிப்போடுவது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) லேன் அல்லது டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகப் பங்கிடுவது) பகுதிக்குப் போங்கள். "அட்ரஸ் ரிசர்வேஷன்", "ஸ்டாடிக் டிஎச்சிபி", "மேக் பைண்டிங்" என்று மாடலுக்கு ஒரு பெயரில் இந்த வசதி இருக்கும். நெட்வொர்க் விவரத் தாளில் உள்ள பிரிண்டரின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாளம், எண்ணும் எழுத்தும் கலந்து இரண்டிரண்டாக ஆறு ஜோடி) பிழையில்லாமல் இட்டு, ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிச் சேமியுங்கள். பிறகு பிரிண்டரை அணைத்து எழுப்பினால் அந்த முகவரி ஒட்டிக்கொள்ளும்.

இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இந்தப் பக்கம் பூட்டப்பட்டிருந்தால் பிரிண்டரிலேயே கையால் முகவரி இடலாம். ரவுட்டர் தானாகப் பங்கிடும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாக அது இருக்க வேண்டும். கடைசி எண்ணை 2 முதல் 200 வரை பங்கிடுகிறது என்றால் 192.168.1.240 என்று வையுங்கள். சப்நெட் 255.255.255.0, கேட்வே ரவுட்டரின் முகவரி. ஆனால் இணைய இணைப்பை மாற்றிப் புது ரவுட்டர் வந்தால் எண் வரிசையே மாறக்கூடும். கையால் இட்ட முகவரி அப்போது பிரிண்டரைத் தனிமைப்படுத்திவிடும். அதனால் ரவுட்டரில் ஒதுக்குவதே மேல்.

முகவரி நிலைத்த பிறகு விண்டோஸ் அதையே பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். தானாகச் சேர்க்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டை, அதாவது பிரிண்டருக்குத் தகவல் போகும் வழியை, போடுகிறது. பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை அது. தூங்கி எழும் பிரிண்டர்களைத் தவறவிடுவது அதன் நெடுநாள் குறை. செட்டிங்ஸில் "பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" போய், உங்கள் பிரிண்டரைத் தொட்டு, "பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்", அதில் "போர்ட்ஸ்". "ஆட் போர்ட்" அழுத்தி "ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்" தேர்ந்து, ஒதுக்கிய முகவரியை இட்டு முடியுங்கள். அதன் பிறகு "கான்ஃபிகர் போர்ட்" திறந்து "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்" என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருந்தால் விண்டோஸ் பிரிண்டரிடம் அதன் நிலையைக் கேட்கும். பிரிண்டர் அதற்குப் பதில் சொல்லாவிட்டால், விழித்திருக்கும் பிரிண்டரையும் விண்டோஸ் ஆஃப்லைன் என்று காட்டும். முகவரியைச் சரிசெய்த பிறகும் தலைவலி தீராதவர்களுக்கு பெரும்பாலும் இந்த ஒரு டிக்தான் மிச்சமிருக்கும் காரணம்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. டிரைவரின் பெயர் "மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்" என்று இருந்தால் போர்ட்டை இப்படி மாற்றுவது எடுபடாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முழு டிரைவரை இறக்கி நிறுவிய பிறகு மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்களின் டிரைவர் தனக்கென்று சொந்தமாக ஒரு போர்ட்டை உருவாக்கிக்கொள்ளும். அதைத் தொடாதீர்கள். முகவரியை ரவுட்டரில் கட்டிய பிறகு அவர்களது நிறுவல் நிரலை ஒருமுறை மறுபடி ஓட்டினாலே போதும். இன்னொன்று, போர்ட் மாற்றம் அச்சுக்கு மட்டும்தான். ஸ்கேனுக்கு வழி வேறு.

பிரவுசர் சோதனையில் பக்கமே திறக்கவில்லை என்றால் முதலில் இரண்டு பக்கமும் ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். பிரிண்டர் 192.168.1 என்றும் லேப்டாப் 192.168.0 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. மாடிக்கு சிக்னல் வராமல் இரண்டாவது ரவுட்டர் வைத்த வீடுகளில் இது சகஜம். அந்த இரண்டாவது ரவுட்டரை "ஆக்சஸ் பாயிண்ட்" முறைக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் ரவுட்டருடையதையே நீட்டுவது) மாற்றினால் தீரும். விருந்தினர் வைஃபையில் லேப்டாப் இருந்தாலும் பிரிண்டர் தெரியாது, ஏனென்றால் அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே விடமாட்டார்கள். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் தனி வழி) ஓடினால் வீட்டு நெட்வொர்க் மறைந்துபோகலாம். அதை நிறுத்திவிட்டு அச்சடித்துப் பாருங்கள்.

வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பது தடையில்லை, இரண்டும் ஒரே ரவுட்டர்தானே. ஆனால் முதன்முறை இணைக்கும்போது இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் சில மாடல்கள் திணறும். தற்காலிகமாக 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து இணைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளேயே நுழையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் வையுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் முதலில் எழட்டும், இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பிரிண்டரைப் போடுங்கள்.

வரிசையில் மாட்டிக்கொண்ட அச்சு வேலை தனி ரகம். பாதி தகவல் போன பிறகு இணைப்பு அறுந்தால், அழிக்கச் சொன்னாலும் "டெலீட்டிங்" என்றே மணிக்கணக்கில் நிற்கும், பின்னால் வரும் எதையும் விடாது. முதலில் பிரிண்டரை அணையுங்கள். ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" தேடித் திறந்து "பிரிண்ட் ஸ்பூலர்" (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) மேல் வலது கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய் உள்ளே உள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்கக் கூடாது. திரும்ப வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் செய்து, கடைசியாகப் பிரிண்டரைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். பிரிண்டரை அணைக்காமல் செய்தால் அதன் நினைவில் தங்கிய மிச்சம் பக்கம் பக்கமாகக் குறியீடுகளைக் கக்கும்.

ஒவ்வொரு முறையும் கோப்பைச் சேமிக்கச் சொல்லி ஒரு பெட்டி வருகிறதா? அச்சு "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" பக்கம் போகிறது. கடைசியாகப் பயன்படுத்தியதையே முதன்மை பிரிண்டராக விண்டோஸ் எடுத்துக்கொள்வதுதான் காரணம். பிரிண்டர் பக்கத்திலேயே "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்" என்பதை அணைத்துவிட்டு உங்களுடையதை முதன்மையாக்குங்கள்.

கேபிளில் ஓட்டுபவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஒரு யூஎஸ்பி துளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் "காப்பி 1" என்று இரண்டாவது பிரிண்டர் முளைக்கும், பழையது ஆஃப்லைன் ஆகும். எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். கேபிள் 5 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்" என்று ஒன்று வந்திருக்கிறது. இயல்பாக அணைந்தே இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுவிட்டால் தயாரிப்பாளரின் டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்தே போய்விடும். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தமிழில் அச்சடிப்பவர்களுக்கு மட்டுமே உள்ள தொல்லை ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்து அச்சடித்தால் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாக விழும். பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துரு உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள். வேர்டு கோப்பாகத்தான் வேண்டும் என்றால் ஆப்ஷன்ஸில் "சேவ்" பகுதியில் எழுத்துருவைக் கோப்போடு பொதிக்கும் வசதி இருக்கிறது. யூனிகோட் பிடிஎஃப்பில் கொம்பும் காலும் இடம் மாறியோ கட்டமாகவோ அச்சானால், அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் "அட்வான்ஸ்ட்" திறந்து "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" டிக் செய்யுங்கள். எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புவதால் திரையில் கண்டது அப்படியே வரும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அதே பெட்டியில் அளவையும் கவனியுங்கள். ஆதார் போன்ற அட்டைகளை "ஃபிட்" வைத்து அச்சடித்தால் சில மில்லிமீட்டர் சுருங்கி உறைக்குள் ஆடும். "ஆக்சுவல் சைஸ்" போடுங்கள். பிரிண்டர் தாள் இருந்தும் தாள் கேட்டு நின்றால், கோப்பு லெட்டர் அளவில் (216 x 279 மி.மீ.) இருக்கும், தட்டில் ஏ4 (210 x 297 மி.மீ.) இருக்கும். பத்திர வேலைக்கு லீகல் தாள் போட்டவர்கள் முடித்ததும் டிரைவரிலும் பிரிண்டரிலும் ஏ4க்குத் திருப்புவதை மறப்பார்கள்.

இனி நகல் சோதனையில் தோற்ற பிரிண்டர். நாசில் செக், அதாவது ஹெட்டின் துளைகளில் மை ஒழுங்காக வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாளை, அச்சடியுங்கள். கோடுகள் விட்டுப்போயிருந்தால் ஹெட் கிளீனிங் ஒருமுறை, மறுபடி நாசில் செக். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மை பிரிண்டருக்குள் உள்ள, வீணாகும் மையை உறிஞ்சும் கழிவுத் திண்டுக்குப் போகிறது, அது நிறைந்தால் பிரிண்டர் வேலையையே நிறுத்தும். ஒரு இரவு விட்டுவிடுங்கள். உலர்ந்த மை இளகி, மறுநாள் ஒரே கிளீனிங்கில் திறப்பது உண்டு. வாரம் ஒருமுறை ஒரு நாசில் செக் எடுத்தாலே நான்கு நிறமும் ஓடிவிடும், செலவாகும் மையும் மிகக் குறைவு.

ஹெட் காய்வதற்குப் பெரிய காரணம் சுவர் சுவிட்ச். பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். அச்சு நடுவில் சுவர் சுவிட்சைத் தட்டினாலும் கரண்ட் போனாலும் ஹெட் திறந்தபடி நிற்கும். கரண்ட் வந்த உடனே ஒருமுறை போட்டு, பொத்தானில் அணைத்து வையுங்கள். வெயில் காலத்தில் இதைச் செய்யாமல் ஊருக்குப் போய்த் திரும்பினால் கறுப்பு வராது.

தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்த தாள் இரண்டிரண்டாகப் போகும், சுருளும். பிரித்த கட்டை ஜிப் பையில் போட்டு வைத்து, தேவையான 20, 30 தாளை விசிறிப் போடுங்கள். உருளை தாளைப் பிடிக்காமல் வழுக்கினால், பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உருளையைச் சுற்றித் துடையுங்கள். தாளில் உள்ள தூசிதான் அதை வழவழப்பாக்குகிறது.

புதிதாக வாங்குபவர்கள் விலை கொஞ்சம் கூடப் போனாலும் சிறு திரை உள்ள மாடலை எடுங்கள். விளக்குகள் சிமிட்டுவதை எண்ணிக் கையேட்டில் தேடும் வேலை மிச்சம். ஈதர்நெட் துளையும் இருந்து, ரவுட்டர் பக்கத்திலேயே பிரிண்டர் வைக்க இடமும் இருந்தால், மேலே வைஃபை பற்றிச் சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. எது வாங்கினாலும் ஒதுக்கிய ஐபி முகவரி, மேக் முகவரி, மாடல் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள்.